அப்பாவுக்கு பார்க்கின்சன், ட்ரயல்ல சேர சொல்றாங்க. பாதி பேருக்கு டம்மி மாத்திரைன்னா எப்படி ஒத்துக்கறது?

மழைச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

அப்பாவுக்கு 63 வயசு. கொஞ்ச நாளாவே வலது கையை மடியில சும்மா வச்சிருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுற மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், ஏதாவது எடுக்க கையை நீட்டினா நின்னுடும். நடக்கும்போது இடது கை நல்லா வீசுது, வலது கை மட்டும் உடம்போட ஒட்டிக்கிட்டே வருது. கையெழுத்து வரவர பொடியாகி, வரி முடியற இடத்துல என்ன எழுதியிருக்கார்னு அவராலயே படிக்க முடியல. நியூரோ டாக்டர் பார்த்துட்டு பார்க்கின்சன்னு சொல்லிட்டார். ஆனா எம்ஆர்ஐ ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கு. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லாம எப்படி இவ்ளோ உறுதியா சொல்றாங்க?

இதுக்கு நடுவுல அதே டாக்டர், ஒரு க்ளினிக்கல் ட்ரயல் நடக்குது, உங்க அப்பா இன்னும் மருந்தே ஆரம்பிக்கல, அதனால தகுதியானவர், யோசிச்சு சொல்லுங்கன்னு ஒரு கத்தை பேப்பர் குடுத்தனுப்பிட்டார். ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன். வியாதி வேகத்தை குறைக்குமான்னு பாக்குற புது மாத்திரையாம். பாதி பேருக்கு அந்த மாத்திரை, பாதி பேருக்கு அதே கலர் அதே சைஸ்ல மருந்தே இல்லாத மாத்திரை, யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், நமக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஓடும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுப்போம்னும் போட்டிருக்கு.

அம்மா ஒரே வார்த்தையில, அவர் என்ன சோதனை எலியா, வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. தம்பி சேரலாம்ங்கறான். அப்பா வாயே திறக்கல. ஒரு வருஷம் வெறும் மாவு மாத்திரையை முழுங்கிட்டு வியாதி முத்திப்போச்சுன்னா யார் பொறுப்பு? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

நரம்புமுடிச்சு எழுதியது:

அக்கா, நான் நியூராலஜி ட்ரெய்னிங்ல இருக்கேன். முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், ட்ரயல் பத்தி என்னை விட நல்லா தெரிஞ்சவங்க இங்க இருக்காங்க.

எம்ஆர்ஐ நார்மல்னு வந்ததை நினைச்சு குழம்ப வேண்டாம். பார்க்கின்சன்ல சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலா தான் இருக்கும். வரிசையா சின்ன சின்ன ஸ்ட்ரோக் வந்திருக்கா, மூளையில நீர் கோத்திருக்கா, கட்டி ஏதும் இருக்கான்னு பாத்து அதெல்லாம் இல்லைன்னு தள்ளறதுக்குத்தான் அதை எடுக்கறாங்க. பிரச்சனை நடக்கற இடம் மூளைத்தண்டுல சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு ஒரு குட்டி பகுதி, அங்க அசைவுக்கு வேண்டிய டோபமைன்ங்கற ரசாயனத்தை தயாரிக்கிற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது, கை ஆட ஆரம்பிக்கறப்பவே அதுல கணிசமான பங்கு போயிருக்கும்.

அப்ப எதை வச்சு சொல்றாங்கன்னா, கண்ணால பாத்து கையால தொட்டு தான். உங்க அப்பாவை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நல்லா அகலமா விரிச்சு வேகவேகமா தட்டச் சொல்லியிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல பாக்கறது வேகத்தை மட்டும் இல்ல. முதல் நாலஞ்சு தட்டு பெருசா வரும், அப்புறம் விரல் விரியற அகலம் குறைஞ்சுக்கிட்டே வரும், நடுவுல ஒரு செகண்ட் சிக்கி நிக்கும், திரும்ப பொடிப்பொடியா ஓடும். வயசாகி கை மெதுவானவங்களுக்கு இப்படி தேஞ்சுக்கிட்டே போகாது, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி மெதுவா இருக்கும். கையெழுத்து வரி முடிய முடிய சின்னதாகறதும் இதே விஷயம் தான். அப்புறம் மணிக்கட்டை புடிச்சு சுத்திக்கிட்டே இன்னொரு கையை மூடி மூடி திறக்கச் சொல்வாங்க, அப்ப விறைப்பு இருந்தா பல்சக்கரம் மாதிரி டக் டக்னு இடறும். 2015ல மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி கொண்டு வந்த வரையறைப்படி, அசைவு மெதுவாகி இப்படி தேஞ்சு போறது கட்டாயம் இருக்கணும், கூட ஓய்வுல நடுக்கமோ விறைப்போ ஒண்ணாவது இருக்கணும். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல இதை முதல்ல எழுதினப்போ அவர் கையில இருந்தது ஆறே பேர், அதுலயும் சிலரை ரோட்டுல போறப்ப பாத்தது தான். 200 வருஷம் கழிச்சும் டயக்னோசிஸுக்கு அடிப்படை பாக்கறது தான்.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். 1992ல லண்டன்ல பார்க்கின்சன்னு சொல்லி வைத்தியம் பாத்து இறந்துபோன 100 பேரோட மூளையை ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, 76 பேருக்கு தான் நிஜமாவே அது இருந்துச்சு. மத்தவங்களுக்கு பிஎஸ்பி, எம்எஸ்ஏ மாதிரி அதே ஜாடையில வர்ற வேற வியாதிங்க. ஆரம்ப கட்டத்துல குழப்பம் இன்னும் அதிகம். லெவோடோபாங்கற பார்க்கின்சன் மருந்தை வச்சு எல்டோபான்னு ஒரு பெரிய ட்ரயல் நடந்துச்சு, ரிசல்ட் 2004ல வந்துது. அதுல ஸ்கேன் எடுத்த புது பேஷண்டுகள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு டோபமைன் ஸ்கேன் நார்மல். அனுபவசாலி டாக்டர்கள் பாத்து பார்க்கின்சன்னு உள்ள அனுப்பினவங்க தான் அவ்ளோ பேரும்! இப்படி வேற வியாதிக்காரங்க கலந்து இருந்தா நல்ல மருந்து கூட வேலை செய்யாத மாதிரி தெரியும். அதனால தான் இப்ப ட்ரயல்ல சேக்கறதுக்கு முன்னாடி டாட் ஸ்கேன்ங்கற அந்த டோபமைன் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்னு இவ்ளோ கேக்கறாங்க.

டாட் ஸ்கேன்ல மூளைக்கு உள்ள ரெண்டு பக்கமும் கமா வடிவத்துல பளிச்சுன்னு தெரியணும், பார்க்கின்சன்ல வால் பகுதி மங்கிப்போய் முற்றுப்புள்ளி மாதிரி ஆயிடும். ஆனா அது பிஎஸ்பிலயும் எம்எஸ்ஏலயும் கூட மங்கும், அதனால அதை மட்டும் வச்சு இதுதான்னு முத்திரை குத்த முடியாது.

முதுகுத்தண்டு நீர் விஷயம் தான் எனக்கு ரொம்ப பெருசா படுது. ஆல்ஃபா சைனூக்ளின்னு ஒரு புரோட்டீன் தப்பா மடிஞ்சு போறது தான் இந்த வியாதியோட அடையாளம். எடுத்த நீரை லேப்ல நல்ல சைனூக்ளினோட கலந்து ஆட்டிக்கிட்டே இருப்பாங்க, நீர்ல தப்பா மடிஞ்சது துளி இருந்தாலும் அது பக்கத்துல இருக்கறதையும் தன்னை மாதிரியே மடிக்க வைக்கும், கூட கலந்திருக்கிற சாயம் ஒளிர ஆரம்பிக்கும். 2023ல பிபிஎம்ஐங்கற பெரிய பார்க்கின்சன் ஆராய்ச்சியில 1,123 பேருக்கு இதை பண்ணிப் பாத்ததுல, பார்க்கின்சன் இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட 88 சதவீதம் பேருக்கு பாஸிடிவ் வந்துது, வியாதி இல்லாத ஆரோக்கியமானவங்கள்ல 96 சதவீதம் பேருக்கு நெகடிவ். மோப்ப சக்தி குறைஞ்சவங்களுக்கு இன்னும் துல்லியமா இருந்துச்சு, பார்க்கின்சனோட சம்பந்தப்பட்ட எல்ஆர்ஆர்கே2ங்கற ஜீன்ல மாற்றம் இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு நெகடிவாவே வந்துது. உயிரோட இருக்கும்போதே புரோட்டீனை பாக்க முடியுதுங்கறது இந்தத் துறையில சாதாரண விஷயம் இல்ல.

ஒரு கேள்வி அக்கா. அப்பா தலைசுத்தலுக்கோ வாந்திக்கோ தொடர்ந்து ஏதாவது மாத்திரை போட்டாரா? சின்னரிசின், ஃப்ளூனரிசின், மெட்டோக்ளோபிரமைடு, மனநல மருந்துகள்ல சிலது, இதெல்லாம் அச்சு அசல் பார்க்கின்சன் மாதிரியே பண்ணும், நிறுத்தினா பல பேருக்கு சரியாயிடும், ஆனா மாசக்கணக்குல ஆகலாம். தயவுசெஞ்சு வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

நான் உங்க அம்மா பக்கம் தான் சகோதரி. என் மாமாவுக்கு ஏஎல்எஸ், தசையை இயக்கற நரம்பு செல்லுங்க செத்துக்கிட்டே வர்ற வியாதி. 2022ல ஒரு புது மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டு வீடே கொண்டாடுச்சு, அதை வரவழைக்க நாங்க அலையாத இடம் இல்ல. ரெண்டு வருஷம் கூட ஆகல, 2024ல வேலை செய்யலன்னு மார்க்கெட்ல இருந்தே எடுத்துட்டாங்க. எங்க நம்பிக்கைய வச்சு பரிசோதனை பண்ணிட்டு போயிட்டாங்கன்னு தான் எனக்கு இன்னமும் தோணுது.

பார்க்கின்சனுக்கு லெவோடோபான்னு அருமையான மருந்து 1960கள்லயே கண்டுபுடிச்சாச்சு. போட்டா நடக்கறாங்க, எழுதறாங்க. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற மாதிரி, இருக்கற மருந்தை குடுக்காம ஒரு மனுஷனை ஒரு வருஷம் டம்மில வைக்கறது எந்த ஊர் நியாயம்? அப்பா பேசாம இருக்கார்னா அவருக்கு இஷ்டம் இல்லைன்னு தான் அர்த்தம்.

---

ஆய்வுக்கூடத்தோழி எழுதியது:

நான் நியூராலஜி ட்ரயல்கள்ல கோஆர்டினேட்டரா வேலை பாக்கறேன். இந்த கேள்வியை நான் குடும்பங்களோட உக்காந்து பேசாத வாரமே கிடையாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நேர்ப்பேச்சு அண்ணா, உங்க மாமா விஷயம் மனசு கஷ்டமா இருக்கு, நிஜமாவே. ஆனா அந்த மருந்துல நடந்ததை முழுசா பாருங்க. ரெல்யூவ்ரியோ தானே சொல்றீங்க? முதல்ல 137 பேரை வச்சு ஒரு சின்ன ட்ரயல், அதுல கொஞ்சம் நல்ல ரிசல்ட். வியாதி அவ்ளோ கொடூரம், வேற வழியும் அதிகம் இல்ல, பேஷண்டுகளும் குடும்பங்களும் கெஞ்சினாங்க, அதனால பெரிய ட்ரயல் முடியறதுக்கு முன்னாடியே அனுமதி குடுத்தாங்க. அப்புறம் 664 பேரை வச்சு பிளாசிபோவோட, அதாவது டம்மியோட ஒப்பிட்டு நடந்த பெரிய ட்ரயல்ல டம்மிக்கும் மருந்துக்கும் வித்தியாசமே இல்லைன்னு வந்துது. அந்த 664 பேர் இல்லைன்னா இன்னைக்கும் ஏஎல்எஸ் குடும்பங்க சொத்தை வித்து பலனே இல்லாத மருந்தை வாங்கிக்கிட்டு இருப்பாங்க. உங்களை ஏமாத்தினது டம்மி மாத்திரை இல்ல அண்ணா, அந்த பெரிய ட்ரயலுக்கு முன்னாடி வந்த அவசர நம்பிக்கை.

பார்க்கின்சன்ல டம்மி குரூப் ஏன் இவ்ளோ அவசியம்னா, இந்த வியாதியில குறையறது டோபமைன். நல்லது நடக்கப்போகுதுன்னு எதிர்பார்க்கும்போது மூளை தானா சுரக்கறதும் அதே டோபமைன் தான். 2001ல கனடாவுல, மூளைக்குள்ள நடக்கறதை காட்டற பெட் ஸ்கேன் வச்சே இதை பாத்தாங்க, மருந்துன்னு நினைச்சு வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு மூளையில நிஜமாவே டோபமைன் வெளிய வந்துது. 2010ல அதே குழு இன்னொண்ணு பண்ணாங்க. உங்களுக்கு மருந்து கிடைக்க இவ்ளோ சதவீதம் வாய்ப்புன்னு ஒவ்வொரு குரூப்புக்கும் ஒவ்வொரு மாதிரி சொன்னாங்க, எல்லாருக்கும் குடுத்தது டம்மி தான். 75 சதவீதம் வாய்ப்புன்னு கேட்டவங்களுக்கு தான் குறிப்பிடற அளவுக்கு டோபமைன் சுரந்துது, கண்டிப்பா மருந்துதான்னு கேட்டவங்களுக்கு கூட அந்த அளவு இல்ல. அதனால டம்மி சாப்பிட்டு நல்லா இருக்குன்னு சொல்றவங்க பொய் சொல்லல, கற்பனையும் பண்ணல, அவங்க நிஜமாவே கொஞ்ச நாளைக்கு நல்லா நடப்பாங்க. இந்த நிலைமையில ஒப்பிட ஒரு குரூப் இல்லாம எந்த மருந்தை குடுத்தாலும் வேலை செய்யற மாதிரியே தான் தெரியும்.

அறுவை சிகிச்சையில கூட இது உண்டு. 2001ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு, 40 பேர், பாதி பேருக்கு கருவோட மூளைத்திசுவை மண்டையில துளை போட்டு உள்ள வச்சாங்க, மீதி பாதி பேருக்கு துளை மட்டும் போட்டு உள்ள எதையும் வைக்கல. கேக்கவே கொடுமையா இருக்கும், அப்ப பெரிய சண்டையே நடந்துது. பின்னாடி பாத்தா, எனக்கு திசு வச்சிருக்காங்கன்னு நம்பினவங்க வாழ்க்கை நல்லா இருக்குன்னு சொன்னாங்க, நிஜமா வச்சாங்களா இல்லையாங்கறதை விட அந்த நம்பிக்கைக்கு தான் பலம் ஜாஸ்தியா இருந்துது. திசு வச்சவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு மருந்தை குறைச்சாலும் நிக்காத கட்டுப்பாடில்லாத அசைவுங்க வந்துது. ஒப்பிட அந்த குரூப் இல்லைன்னா இதை அற்புத சிகிச்சைன்னு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேருக்கு பண்ணியிருப்பாங்க.

இன்னும் கிட்டத்துல ஒண்ணு, எக்ஸெனடைடு. கிலா மான்ஸ்டர்னு ஒரு விஷப்பல்லியோட எச்சில்ல இருந்து யோசனை கிடைச்சு வந்த சுகர் ஊசி. 2017ல 62 பேரை வச்சு நடந்த ட்ரயல்ல, ஊசியை நிறுத்தி 12 வாரம் கழிச்சும் அசைவு ஸ்கோர்ல (டாக்டர் பாத்து போடற மார்க், ஏற ஏற வியாதி அதிகம்) மருந்து போட்டவங்களுக்கு சாதகமா மூணரை பாயிண்ட் வித்தியாசம் நின்னுச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் அதை பத்தியே பேசினோம். 2025ல 194 பேர், 96 வாரம், அதே மருந்து. ஒண்ணும் இல்ல. டம்மி போட்டவங்களும் இவங்களும் ஒரே மாதிரி. அன்னைக்கு எங்களுக்கு எவ்ளோ வருத்தமா இருந்துதுன்னு சொல்லி மாளாது, ஆனா உண்மை தெரிஞ்சுது. அதே குடும்பத்து மருந்து லிக்ஸிசெனடைடுக்கு 2024ல 156 பேர் ட்ரயல்ல மூணு பாயிண்ட் நன்மை தெரிஞ்சுது, ஆனா பாதி பேருக்கு கிட்ட குமட்டல். மொத்த ஸ்கோரே 132, அதுல மூணு பாயிண்டுங்கறதை பேப்பர்ல தலைப்பு போடறவங்க சொல்றதில்ல.

இப்ப மழைச்சாரல், உங்க முக்கியமான பயம், ஒரு வருஷம் வீணாயிடுமோங்கறது. இதுக்கு நேரடியா பதில் சொல்ற ட்ரயலே இருக்கு. பேரு லீப், 2019ல வந்துது. 445 பேர் ஆரம்ப கட்ட பார்க்கின்சன். ஒரு குரூப்புக்கு முதல் நாள்ல இருந்து 80 வாரமும் லெவோடோபா, இன்னொரு குரூப்புக்கு முதல் 40 வாரம் டம்மி, அப்புறம் 40 வாரம் லெவோடோபா. 80 வாரம் முடிஞ்சு பாத்தா ரெண்டு குரூப்பும் ஒரே இடத்துல தான் இருந்தாங்க. அதாவது லெவோடோபா கஷ்டத்தை குறைக்குது, ஆனா வியாதியோட வேகத்தை மாத்தல, லேட்டா ஆரம்பிச்சதால நிரந்தரமா எதையும் இழக்கல. ஆனா ஒண்ணு, அந்த முதல் 40 வாரம் டம்மி குரூப் நிஜமாவே அதிகமா கஷ்டப்பட்டாங்க, பத்துல நாலு பேர் கிட்ட காத்திருக்க முடியாம முன்னாடியே லெவோடோபா ஆரம்பிக்க வேண்டி வந்துது, கேட்டவங்களுக்கு குடுத்தாங்க. அதனால நேர்ப்பேச்சு அண்ணா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அப்பாவுக்கு இப்பவே வேலை பாக்கவோ சட்டை பட்டன் போடவோ சிரமம்னா, ட்ரயலை விட சிகிச்சை தான் முக்கியம், அதை சொல்ல தயங்காதீங்க.

---

தென்றல்வழி எழுதியது:

என் அம்மா ஒரு பார்க்கின்சன் ட்ரயல்ல இருந்தாங்க, இப்ப முடிஞ்சிருச்சு. பேப்பர்ல எழுதாத சில விஷயம் சொல்றேன்.

அம்மா ஏற்கனவே மருந்துல இருந்தவங்க, அதனால விசிட்டுக்கு முந்தின ராத்திரியில இருந்து மாத்திரை போடக்கூடாது. ஆஃப் நிலைன்னு சொல்லுவாங்க, மருந்து இல்லாம வியாதி எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு. அந்த காலை நேரம் தான் ரொம்ப கஷ்டம். நாற்காலியில இருந்து எந்திரிக்க மூணு தடவை முன்னாடி சாய்ஞ்சு சாய்ஞ்சு பாத்து விழுந்து உக்காருவாங்க, கதவு நிலைக்கு வந்தா கால் தரையில ஒட்டிக்கும். அப்படியே கூட்டிக்கிட்டு போய், விரலை தட்டு, குதிகாலை தட்டு, கையை மூடித் திற, பின்னால இருந்து தோளை புடிச்சு இழுத்தா எத்தனை அடி வச்சு நிக்கறீங்கன்னு எல்லாத்துக்கும் பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும் மார்க். மார்க் போடறவங்க அம்மாவோட டாக்டர் இல்ல, வேற ஒருத்தர், அம்மாகிட்ட மருந்து எப்படி இருக்கு, குமட்டுதான்னு கூட பேசக்கூடாது அவங்க. பக்கவிளைவு தெரிஞ்சா யாருக்கு எதுன்னு ஊகிச்சிடலாமாம். சோதனை முடிஞ்ச உடனே மாத்திரை குடுத்துடுவாங்க. உங்க அப்பாவோட ட்ரயல் மருந்தே ஆரம்பிக்காதவங்களுக்குன்னா இந்த ஆஃப் கஷ்டம் இருக்காதுன்னு நினைக்கறேன்.

முதுகு ஊசி எல்லாரும் பயப்படற அளவுக்கு வலி இல்ல. ஆனா அடுத்த நாள் எந்திரிச்சு உக்காந்தா தலைவலி, படுத்தா குறையும், அது சில நாள் இருந்துது. அன்னைக்கும் மறுநாளும் வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும்.

கடைசியில அம்மாவுக்கு டம்மி தான்னு தெரிஞ்சுது. இதை தான் நீங்க கேக்கணும்னு நினைக்கறேன், எப்படி இருந்துதுன்னு. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கேட்ட முதல் கேள்வி, சரி, அந்த மருந்து சாப்பிட்டவங்களுக்கு நல்லாச்சான்னு. இல்லைம்மா, வித்தியாசம் இல்லையாம்னேன். அப்ப நான் எதையும் விட்டுடலன்னு சொன்னாங்க. எனக்கு கோவம் வந்தது வேற ஒரு விஷயத்துக்கு. ட்ரயல் முடிஞ்சு எந்த குரூப்னு சொல்லவே ரொம்ப மாசம் ஆக்கிட்டாங்க, நாங்களா போன் மேல போன் போட்டு தான் வாங்கினோம். உடம்பை குடுத்தவங்களுக்கு ரிசல்டை முதல்ல சொல்றது மரியாதை. அதை சேரும்போதே எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க.

நல்லதையும் சொல்லணும். அந்த காலத்துல அம்மாவை அவ்ளோ கவனமா பாத்த ஆளுங்க வேற யாரும் இல்ல. படுத்து எந்திரிச்சா ப்ரஷர் இறங்குதுன்னு கண்டுபுடிச்சதே ட்ரயல் நர்ஸ் தான், அதுவரைக்கும் தலைசுத்தல் வயசால வருதுன்னு தான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க.

---

மழைச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நரம்புமுடிச்சு தம்பி, அப்பா போடறது ப்ரஷர் மாத்திரை ஒண்ணு தான், தலைசுத்தல் மாத்திரை எதுவும் இல்ல. மோப்பம் பத்தி நீங்க சொன்னதும் கேட்டேன், வாசனை தெரியாம போய் பல வருஷமாச்சாம், யார்கிட்டயும் சொன்னதே இல்ல. ராத்திரி தூக்கத்துல கை காலை வீசி கத்தறார்னு அம்மா இப்ப தான் சொல்றாங்க.

தென்றல்வழி எழுதினதை அப்பாவுக்கு சத்தமா படிச்சு காட்டினேன். அப்புறம் தான் வாய் திறந்தார். எனக்கு ஊசிக்கு பயம் இல்ல, ஆனா பாதியில முடியலன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோ, அப்புறம் என்னை சரியா பாக்காம விட்டுடுவாரோன்னு தான் யோசனைன்னார். அம்மா பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எதிர்ப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரியுது, ஆனா சம்மதம்னு சொல்லல.

ஆய்வுக்கூடத்தோழி, பாதியில விலகலாமா? ரொம்ப முடியலன்னா லெவோடோபா ஆரம்பிக்கலாமா? டாக்டர்கிட்ட வேற என்ன கேக்கணும்?

---

ஆய்வுக்கூடத்தோழி எழுதியது:

அப்பாகிட்ட இதை அப்படியே சொல்லுங்க: எந்த நாள்லயும், எந்த காரணமும் சொல்லாம விலகலாம், அதனால அவரோட வழக்கமான சிகிச்சை ஒரு துளி கூட மாறக்கூடாது. மனுஷங்களை வச்சு பண்ற மருத்துவ ஆராய்ச்சிக்காக 1964ல எழுதின ஹெல்சின்கி பிரகடனத்துல இருந்து வர்ற அடிப்படை உரிமை இது, கன்சென்ட் ஃபார்ம்லயும் கண்டிப்பா எழுதியிருக்கணும், அந்த பக்கத்தை தேடி அப்பாவையே படிக்க வைங்க. இதுல கோவிச்சுக்கற டாக்டர்னா அவர்கிட்ட சேரவே வேண்டாம். கையெழுத்து போடறதும் அப்பா தான் முடிவு பண்ணனும், நீங்களோ தம்பியோ தள்ளி விட்டு போடக்கூடாது. அம்மா பயம் தீரலன்னா அவங்களையும் கூட்டிக்கிட்டு போங்க, அவங்க கேள்விக்கு தான் டாக்டர் முதல்ல பதில் சொல்லணும்.

லெவோடோபா விஷயம் ஒவ்வொரு ட்ரயலுக்கும் வேற வேற. பொதுவா மருந்து ஆரம்பிக்காதவங்க ட்ரயல்ல, தேவைப்பட்டா ஆரம்பிக்கலாம்னு தான் வச்சிருப்பாங்க. ஆரம்பிச்ச பிறகு ட்ரயல்ல தொடரலாமா, இல்ல ட்ரயல் மாத்திரையை நிறுத்தணுமான்னு கேளுங்க. தேவைன்னு முடிவு பண்றது யாரு, அப்பா சொன்னா போதுமா, இல்ல ஸ்கோர் ஏறணுமான்னும் கேளுங்க, இந்த கேள்வியை யாரும் கேக்கறதே இல்ல. ட்ரயல் முடிஞ்சதும் டம்மி குரூப்புக்கும் நிஜ மருந்து குடுப்பாங்களா, பக்கவிளைவு வந்து ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டி வந்தா செலவு யாரோடது, நடுவுல ரிசல்ட்டை பாத்து ஆபத்துன்னா நிறுத்தற தனிக்குழு இருக்கா, எடுத்த முதுகு நீரையும் ரத்தத்தையும் பின்னாடி வேற எதுக்கு பயன்படுத்துவாங்க, ஜீன் டெஸ்ட் பண்ணா ரிசல்ட் வீட்டுக்கு சொல்வாங்களா, இதெல்லாம் கேளுங்க. ஜீன் ரிசல்ட் உங்களுக்கும் தம்பிக்கும் கூட சம்பந்தப்பட்டது, அதை தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு நீங்க முன்னாடியே பேசி வச்சுக்கறது நல்லது. ட்ரயல் பதிவு நம்பர் வாங்கி க்ளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ்லயோ அந்தந்த நாட்டு பதிவேட்டுலயோ போட்டு பாருங்க. எதை அளந்து வெற்றின்னு சொல்லப்போறாங்கன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதுல எழுதியிருக்கணும். பதிவே இல்லைன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

---

நரம்புமுடிச்சு எழுதியது:

மோப்பம் போனது, தூக்கத்துல கை காலை வீசறது, ரெண்டையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க அக்கா. தூக்கத்துல கனவை அப்படியே நடிக்கறதுக்கு ஆர்ஈஎம் ஸ்லீப் பிஹேவியர் டிஸார்டர்னு பேரு, பல பேருக்கு நடுக்கம் வர்றதுக்கு வருஷக்கணக்குல முன்னாடியே வரும். அம்மாவுக்கு அடிபடாம இருக்க கட்டில் பக்கத்துல இருக்கற கூர்மையான சாமானை எல்லாம் நகர்த்திடுங்க, முடிஞ்சா கொஞ்ச நாள் தனிக்கட்டில்.

ட்ரயல்ல சேந்தாலும் சேரலன்னாலும் இன்னொண்ணு. 2018ல ஸ்பார்க்ஸ்னு ஒரு ட்ரயல், மருந்து ஆரம்பிக்காத 128 பேர், ஆறு மாசம். ட்ரெட்மில்ல இதயத்துடிப்பு உச்சத்துல 80-85 சதவீதம் வர்ற அளவுக்கு வாரம் நாலு நாள் நடக்க சொன்ன குரூப்புக்கு அசைவு ஸ்கோர் கிட்டத்தட்ட அப்படியே நின்னுது, வழக்கம்போல இருந்தவங்களுக்கு மூணு பாயிண்ட் ஏறிச்சு. சின்ன ட்ரயல் தான், உடற்பயிற்சியில டம்மி வைக்கவும் முடியாது, ஆனா ஸ்கோர் போட்டவங்களுக்கு யார் எந்த குரூப்னு தெரியாது. அப்பாவுக்கு ப்ரஷர் இருக்கறதால இதயத்தை ஒரு தடவை செக் பண்ணிட்டு வேக நடை ஆரம்பிக்க சொல்லுங்க.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

தோழி, 664 பேர் பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மாமாவுக்கும் காட்டினேன். அவரால இப்ப பேச முடியாது, கண்ணால தான் போர்டுல எழுத்து காட்டுவார். அந்த ட்ரயல்ல இருந்தவங்க யாரும் இப்ப இருக்காங்களான்னு கேட்டார். எனக்கு பதில் சொல்ல வரல. ஏஎல்எஸ்ல இப்ப வேற ஏதாவது உருப்படியா நடக்குதா? இருந்தா சொல்லுங்க.

---

ஆய்வுக்கூடத்தோழி எழுதியது:

அண்ணா, மாமாவுக்கு என் வணக்கத்தை சொல்லுங்க. எஸ்ஓடி1 ஜீன் மாற்றம் இருக்கான்னு அவருக்கு எப்பவாவது டெஸ்ட் பண்ணாங்களா? ஏஎல்எஸ்ல ரொம்ப கொஞ்சம் பேருக்கு தான் அது இருக்கும், ஆனா இருந்தா டோஃபர்சென்னு ஒரு மருந்துக்கு 2023ல அனுமதி வந்திருக்கு, முதுகுத்தண்டு வழியா ஊசி. அதுலயும் 28 வாரத்துல ஸ்கோர்ல தெளிவான வித்தியாசம் தெரியல, நரம்பு சேதமானா ரத்தத்துல ஏறுற நியூரோஃபிலமென்ட்ங்கற புரோட்டீன் நல்லா இறங்கினதை வச்சு தான் குடுத்தாங்க, அதனால பெருசா வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா டெஸ்ட் பண்ணலன்னா பண்ணச் சொல்லி அவர் டாக்டர்கிட்ட கேளுங்க. ரிசல்ட் கையில வந்ததும் இங்கயே எழுதுங்க, அடுத்து என்ன கேக்கணும்னு பாக்கலாம்.